நவமியில் தெரிந்த சுவர்

என் மாமனார் சொன்ன பொய்யால் எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனில் யாருக்கும் ஒரு பிடி அரிசிகூடக் குறைந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டவன் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வேலைக்குப் போவான். சொன்னவர் அவனைவிடச் சந்தோஷமாகப் போவார். அவர் பேரைப் போட்டு எழுத வேண்டாம் என்கிறாள் என் மனைவி அஞ்சலை. பேரைக் கண்டதும் இதையும் அவர் சொன்ன கதைகளோடு சேர்த்துவிடுவார்களாம். அதனால் ‘அவர்’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

தங்கவயலில் அவருக்கு சர்வே துரையிடம் சங்கிலி பிடிக்கிற வேலை. துரை முக்காலியில் கண்ணாடி வைத்துப் பார்க்க, இவர் இரும்புச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நிற்க வேண்டும். நிலத்துக்கு மேலேயும் அளப்பார்கள், சுரங்கத்துக்குள் இறங்கியும் அளப்பார்கள். பகலில் சங்கிலியால் அளக்கிறார், பொழுது சாய்ந்தால் வாயால் அளக்கிறார் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. நெட்டையான ஆள். காதில் கடுக்கன். கதை சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இருக்காது. ஏதோ துக்கச் செய்தி சொல்ல வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அப்போது நான் ஸ்டோரில் வேலை பார்த்தேன். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் முளைக்குச்சியோ சுண்ணாம்புக் கட்டியோ கேட்டு வருவார். வந்ததும் ஆரம்பித்துவிடும். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டு மேலே நின்றிருந்தபோது அடித்த காற்றில் அவர் தலைப்பாகை பறந்து, பத்து மைல் தள்ளி பவுரிங்பேட்டை ஸ்டேஷனில் போய் விழுந்ததாம். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், அடுத்த ரயிலில் மடித்து அனுப்பிவிட்டாராம். சுரங்கத்துக்குள் ஒரு பெருச்சாளி அவர் மடியிலிருந்து வெற்றிலையை உருவி, காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்றதாம். “சுண்ணாம்பு மட்டும் வேணாம்னுடுச்சு. சத்தியமா சொல்றேன்” என்பார். பின்னால் நிற்கிற ஆட்கள் சிரித்துக்கொண்டு நகரமாட்டார்கள். ஸ்டோர் துரை உள்ளேயிருந்து கத்துவார்.

ஒரு முறை ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு பாதி வழியில் நின்றுவிட்டது. மேலே எஞ்சினில் ஏதோ கோளாறு. கீழே பாதாளம், மேலே இருட்டு, நடுவில் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி ஆட்கள். புதிதாக வந்த ஒருவன் ஏசுவே ஏசுவே என்று அழ ஆரம்பித்தானாம். அவர் அந்த இருட்டில் பூதிகோட்டைப் பூசணிக்காய்க் கதையை எடுத்திருக்கிறார். தோட்டக்காரன் காணாமல் போன ஆட்டை ஒரு வாரம் தேடுகிறான். கடைசியில் பார்த்தால் அது பூசணிக்காயைக் குடைந்து உள்ளே போய் இரண்டு குட்டி போட்டுவிட்டுப் படுத்திருக்கிறது. குட்டிகளுக்கு வெளியே வர மனசில்லை, உள்ளேயே மேய்ச்சல் இருக்கிறது. கூண்டு மேலே வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே இருந்தவர்கள் அந்தக் குட்டிகள் கிடாவா பெட்டையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அழுதவன்தான் அதிகமாகச் சண்டை போட்டான் என்று அன்று இறங்கிய ஒருவர் எனக்குச் சொன்னார்.

அஞ்சலை அவருடைய ஒரே பெண். தாய் இல்லாதவள். அப்பாவுக்குச் சோறு கொண்டுவரும்போது ஸ்டோர் வாசலில் நிற்பாள். ஒரு நாள் நானே துணிந்து, உங்கள் அப்பா சொல்வதையெல்லாம் நீ நம்புகிறாயா என்று கேட்டேன். “எங்க நைனா சொல்றதுல நாலுல ஒண்ண எடுத்துக்கணும். அது எந்த ஒண்ணுன்னு கண்டுபுடிக்கறதுதான் கஷ்டம்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் நினைப்புதான். என் அம்மாவுக்கும் அவளைப் பிடித்திருந்தது. பெண் கேட்கலாம் என்று பேச்சு வந்தது.

எங்கள் வீட்டில் எதற்கும் என் பெரியப்பா தலையாட்ட வேண்டும். ஆம்பூர் பக்கம் சொந்த ஊரில் கொஞ்சம் நிலம் வைத்து உழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பொய் ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. என் அப்பாவை இந்த ஊருக்கு அழைத்து வந்த மேஸ்திரி, இங்கே தங்கம் பாளம் பாளமாகக் கிடக்கிறது, குனிந்து எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லித்தான் அழைத்து வந்தான். அப்பா வந்த இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். ஒரு பொய் என் தம்பியைத் தின்றுவிட்டது என்று பெரியப்பா சொல்லும்போது, இத்தனை வருஷம் கழித்தும் அவர் தாடை இறுகும். சம்பந்தி ஆகப் போகிறவரின் வாயைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கும் அம்மாவுக்கும் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சர்வே துரைக்குச் சீமையிலிருந்து ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வந்தது. ஆள் உயரப் பித்தளைக் குழாய், மூன்று கால். சாயங்காலம் ஆனால் அதைப் பங்களா வராந்தாவிலிருந்து தூக்கிவந்து வெட்டவெளியில் நிறுத்துவது இவர் வேலை. ஒரு நாள் துரை நல்ல மனநிலையில் இருந்தார் போல. நீயும் பார் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் ஸ்டோருக்கு வந்தவர் வழக்கம்போல ஆரம்பிக்கவில்லை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். பிறகு கிட்டே வந்து, “நெலாவுல ஒரு சொவரு இருக்குது” என்றார்.

நான் சிரிக்கத் தயாரானேன்.

“சிரிக்காதீங்க தம்பி. நேரா, நூல் புடிச்சாப்பல. ஒரு பக்கம் தரை அப்படியே எறங்கிப் போய் மலைச்சரிவு மாதிரி நிக்குதாம். துரை சொன்னாரு. இங்கேர்ந்து ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் நீளம் இருக்கும்.”

அவ்வளவுதான். போய்விட்டார். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு வந்த அஞ்சலையிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, சத்தியம் பண்ணினாரா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

“அப்ப நெசம்தான். பொய்யுன்னாதான் நைனா சத்தியம் பண்ணும்.”

ஊர் அப்படி நினைக்கவில்லை. அண்டப் புளுகு ஆகாசப் புளுகு என்று கேட்டிருக்கிறோம், இதோ ஆகாசத்துக்கே போய்விட்டார் என்று லைன் முழுக்கச் சிரித்தது.

தை மாதப் பௌர்ணமியன்று பெரியப்பா பெண் பார்க்க வந்தார். அஞ்சலையைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துவிட்டது. காலையிலேயே தாம்பூலத் தட்டு கைமாறியது. எல்லாம் நல்லபடி முடிந்து பெரியப்பா வெளியே வந்து உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டாக, நிலாவில் சுவர் பார்த்தவர் வீட்டுச் சம்பந்தம், சும்மாவா என்று சொல்லிவிட்டார். பெரியப்பா விசாரித்தார். சொல்ல ஆள் பஞ்சமா? தலைப்பாகையும் பெருச்சாளியும் பூசணிக்காயும் வரிசையாக வந்தன. பெரியப்பா தாடை இறுகியது. அஞ்சலையின் அப்பாவை அழைத்தார்.

“நெலாவுல சொவரு பாத்தேன்னு சொன்னீங்களாமே. நெசமா?”

“ஆமாங்க.”

“காட்டுங்க.”

அவர் முகத்தில் பயமே இல்லை. அன்று பௌர்ணமி வேறு. நிலா முழுசாக இருக்கிற நாள், அரைகுறையாகத் தெரிந்ததே இன்றைக்குப் பளிச்சென்று தெரியும் என்று சாயங்காலம் அவர் உற்சாகமாகத்தான் எங்களைத் துரை பங்களாவுக்கு அழைத்துப்போனார். துரை கிளப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். குழாயை எடுத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஷாஃப்டு கோபுரத்துக்குப் பின்னாலிருந்து நிலா எழும்பியது. அவர் குழாயைத் திருப்பி, கண் வைத்து, விலகி, பெரியப்பாவைக் கூப்பிடாமல் மறுபடி கண் வைத்தார்.

பெரியப்பா தானே போய்ப் பார்த்தார். “வெள்ளித் தட்டு மாதிரி கண்ணு கூசுது. சொவரு எங்க?”

அவர் மறுபடி பார்த்தார். குழாயை இப்படியும் அப்படியும் அசைத்தார். நானும் பார்த்தேன். வெளுத்த சுண்ணாம்புத் தரைபோல ஒரே ஒளி. கோடும் இல்லை, சுவரும் இல்லை. இனி என்ன சொல்லப் போகிறாரோ என்று நின்றேன். அதோ பாருங்கள், ஓரத்தில் மெலிசாகத் தெரிகிறது என்று அவர் சொல்லியிருந்தால் போதும். பெரியப்பாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல், ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார். வாய்க்குப் பஞ்சமில்லாத மனிதர். ஆனால் அவர் குழாயிலிருந்து நிமிர்ந்து, “இல்லீங்க. எனக்கும் தெரியல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றார். நல்ல நாளில் வாங்கிய தட்டை அதே நாளில் திருப்பக் கூடாது, வேறொரு நாள் வந்து நானே என் கையால் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார். அம்மா அழுதாள். நான் இரண்டு நாள் ஸ்டோரில் யார் முகத்தையும் பார்க்காமல் மெழுகுவத்தி கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அஞ்சலையின் அப்பா ஓட்டமும் நடையுமாக ஸ்டோருக்கு வந்தார். துரையிடம் போய், சுவர் எங்கே போயிற்று என்று கேட்டிருக்கிறார். துரை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அவரை, தங்கம் எடுத்தபின் அரைத்த மண்ணைக் கொட்டுகிற மேட்டுக்கு அழைத்துப்போயிருக்கிறார். காலையில் அந்த மேட்டின் நிழல் நீளமாக விழுகிறது. எங்கே மேடு முடிகிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. உச்சிவெயிலில் வந்து பார், நிழல் இருக்காது, எல்லாம் ஒரே மண்ணாகத் தெரியும் என்றாராம். நிலாவிலும் அப்படித்தான். பௌர்ணமி என்றால் அங்கே நடுப்பகல். சுவர் அங்கேயேதான் இருக்கிறது, நிழல்தான் இல்லை. வெயில் சாய்வாக விழுகிற நாளில் அந்த நிழல்தான் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்த நாள் வளர்பிறையில் பாதி நிலாவுக்கு அடுத்த நாள்.

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். நவமி.

கல்யாண விஷயமாக அஷ்டமி நவமியில் பெரியப்பாவைக் கிளம்பச் சொல்ல முடியுமா? வாசல்படி தாண்டமாட்டார். தண்ணீர்க் குழாயடியில் அஞ்சலையிடம் இதைச் சொன்னேன். அவள் குடத்தை நிறைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க பெரிப்பாரு தட்டத் திருப்பிக் குடுக்கத்தானே வரணும்? சேக்கறதுக்குத்தான் நவமி ஆவாது. முறிக்கறதுக்கு அதவிட நல்ல நாளு இன்னா இருக்குது?”

நான் ஊருக்குப் போய் அதைத்தான் சொன்னேன். பெரியப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, நீ சொல்வதும் சரிதான் என்று ஒத்துக்கொண்டார்.

மாசி மாத வளர்பிறை நவமியன்று பெரியப்பா தட்டைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். இன்னொரு தடவை பாருங்கள் பெரியப்பா என்று கெஞ்சினேன். ஒருமுறை ஏமாந்தது போதும் என்றார். அம்மாதான் கதவோரமாக நின்று பேசினாள். “பாத்துட்டே போங்க மாமா. பொய்யின்னா இன்னும் தெம்பாத் திருப்பிக் குடுக்கலாம் இல்லியா?” அந்தக் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. முடிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடந்தார்.

சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. நிலா கிட்டத்தட்ட உச்சியில் நின்றது, பாதிக்கு மேல் கொஞ்சம். குழாய் வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தலாக நின்றதால் கண் வைக்கிற முனை தரையை ஒட்டி இருந்தது. பாயை விரித்து அதில் மல்லாந்து படுத்தால்தான் பார்க்க முடியும். துரை நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் படுப்பதா என்று பெரியப்பா தயங்கினார். மாமனாரே முதலில் படுத்து, பார்த்து, எழுந்து, ஒன்றும் சொல்லாமல் பாயைக் காட்டினார்.

பெரியப்பா படுத்தார். முடிப்பு மார்மேல் இருந்தது.

“இது இன்னா கோடு?” என்றார்.

குழாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

“வெளிச்சம் முடியற எடத்துக்குப் பக்கத்துல. கத்தியால கீறனாப்பல கறுப்பா. பக்கத்துல சின்னதா ஒரு குழி.”

“அதாங்க” என்றார் அவர்.

“இத யாரு கட்டனாங்க?”

யாரும் கட்டவில்லை, ஒரு பக்கம் நிலம் கீழே இறங்கியதில் நின்ற சரிவு அது என்று அவர் விளக்கினார். நிலா நகர்ந்து கோடு கண்ணுக்குத் தப்பியதும் பெரியப்பா பதறினார். மாமனார் குழாயை மெல்லத் தட்டிக் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். நான் படுத்துப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. அதன் நீளம் இங்கிருந்து ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் இருக்குமா என்று படுத்தபடியே கேட்டார். துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும். சுருட்டை எடுத்துவிட்டு, ஆண்டர்சன்பேட்டை இல்லை, வேலூர் என்றார். உயரம், நம் ஷாஃப்டை மண்ணுக்குள்ளிருந்து பிடுங்கி வெளியே நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு இருக்கலாம் என்றார்.

மாமனார் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. வேலூர் என்று துரை முதல் நாளே சொன்னதை ஏதோ உளறல் என்று நினைத்து, நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று பக்கத்திலிருக்கிற ஆண்டர்சன்பேட்டையாகச் சுருக்கியிருக்கிறார். “வாழ்க்கையில ஒரே ஒரு வாட்டி கொறச்சு சொன்னேன். அதுவும் தப்பாப் போச்சே” என்று என் காதில் முணுமுணுத்தார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். துரைக்கு என்னவென்று புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார்.

பெரியப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றார்.

“அன்னிக்கு, தெரியுதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன். என் கண்ணு அப்படி. ஏன் சொல்லல?”

அவர் சங்கடமாகத் தலைப்பாகையைச் சரிசெய்தார். “பொண்ணு வாழ்க்கைங்க. அதுல கலப்படம் பண்ணுவாங்களா?”

பெரியப்பா முடிப்பை அவரிடம் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார். நவமியில் அதைப் பற்றி எதுவும் பேசக் கூடாது, தசமியன்று காலையில் பேசிக்கொள்ளலாம், இன்று ராத்திரி சோறு எங்கே என்று கேட்டார். அஞ்சலை சமைத்ததைத்தான் சாப்பிட்டார்.

வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். மேளக்காரர்களை மைசூர் மைன்ஸிலிருந்து அழைத்து வந்தோம். துரையும் வந்து, பந்தலில் வெறுங்காலோடு உட்கார்ந்து, இலையில் கையால் சாப்பிட்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கஷ்டம் வந்தது. ஊர் அவரை நம்ப ஆரம்பித்துவிட்டது. பழைய ஷாஃப்டுப் பக்கம் மீசை வைத்த பாம்பு ஒன்று இருக்கிறது என்று ஒரு நாள் வழக்கம்போலச் சொல்லிவைத்தார். முன்பென்றால் சிரித்திருப்பார்கள். இப்போது பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு சுற்றுவழியில் போக ஆரம்பித்தார்கள். அவர் வீடு வீடாகப் போய், அது பொய், நான் சும்மா சொன்னேன் என்று கெஞ்சினார். நாங்கள் பயப்படுவோம் என்றுதானே இப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் அவரே குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த வழியில் ஒரு வாரம் தண்ணீர் எடுத்தார். “நம்பறவங்ககிட்ட கதை சொல்றதுல இன்னா ருசி இருக்குது மாப்ள” என்று என்னிடம் அங்கலாய்த்தார்.

நல்லவேளையாக அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நிலாவின் சுவரையெல்லாம் மடித்து அதற்குள் போட்டு மூடிவிடலாம், அங்குள்ள மலைச்சரிவுகளை ஏறி முடிக்க ஒரு மாதச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். துரையே அதைக் கேட்டுத் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டார். ஊருக்கு நிம்மதி ஆயிற்று. அவருக்கும்தான்.

அடுத்த தைக்கு நானும் அஞ்சலையும் பெரியப்பா ஊருக்குப் போயிருந்தோம். கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொப்பரையைச் சுற்றி ஊர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியப்பா. சுவர் கதை நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாக அவர் இதைச் சொல்லி, ஒரு வருஷமாக யாரும் நம்பவில்லை என்று பெரியம்மா எங்களிடம் ரகசியமாகச் சொன்னாள். அன்றும் அவர்கள் நம்புவதாக இல்லை. ஒருவன், வேலூர் வரைக்கும் சுவர் என்றால் அதற்குக் காவல் யார் என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பாவின் தாடை இறுகியது. கொப்பரைப் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சொவரு மேல ரெண்டு பேரு நடந்து போனாங்க. ஒருத்தன் தலையில மூட்டை வச்சிருந்தான். சத்தியமா.”

சிரிப்பு அடங்கிவிட்டது. அஞ்சலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தங்கவயலுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக மாமனாரிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரா?” என்றார். “நான் பாக்கும்போது ஒருத்தன்தான் இருந்தான்.”